செசானும் சென்ற் விக்டுவார் மலையும்

பிரான்சு தேசத்தின் தென்பகுதியிலே, மத்தியதரைக் கடற்கரைக்குச் சற்று வடக்கே, புரோவான்ஸ் என்று வழங்கும் நிலப்பகுதியில் எய்க்ஸ் என்னும் பழைய பட்டினம் ஒன்று உண்டு. அதற்குக் கிழக்கே சுண்ணாம்புக் கல்லாலான மலைத்தொடர் ஒன்று கிடக்கின்றது. சென்ற் விக்டுவார் என்பது அதன் பெயர். உயரம் 1011 மீற்றர். பனி மூடிய அல்ப்ஸ் சிகரங்களை உடைய ஒரு தேசத்தில் இவ்வுயரம் ஒரு பெருமையன்று. ஆயினும், ஓவிய வரலாற்றை எழுதப் புகும் எவரும் இம்மலையின் பெயரைச் சொல்லாமற் கடந்துபோதல் இயலாது. அதற்குக் காரணம், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அம்மலையைத் தீட்டித் தீட்டி, இன்னும் அதனைச் சரிவரக் காணவில்லை என்ற ஏக்கத்தோடே மறைந்துபோன ஒரு மனிதர். அவர்தாம் போல் செசான்.

இம்மலைக்கு ஒரு குணம் உண்டு. தெற்கே நின்று பார்ப்பவர்க்கு அது நீண்டதொரு மதில் போலத் தோன்றும். எய்க்ஸ் பட்டினத்தின் பக்கமாக, மேற்கே நின்று நோக்குவார்க்கோ நீளமெல்லாம் மறைந்து, தனித்த ஒரு சிகரமாக எழும். வெண்மையும் சாம்பலும் கலந்த அதன் கல் வெயிலுக்கேற்ப நிறம் மாறும். காலையில் நீலம் படிந்தும் மாலையில் இளஞ்சிவப்பு ஏறியும் நிற்கும். அடிவாரத்து மண்ணோ செம்மண். செசான் பிறந்து வளர்ந்து ஓடித்திரிந்த இடம் இதுவே.

அவர் 1839 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 19 ஆந் தேதி எய்க்ஸில் பிறந்தார். தந்தையார் லூயி ஒகுஸ்த் செசான் தொப்பி வியாபாரத்தில் முன்னேறி, 1848 இல் ஒரு வங்கியையே தொடங்கியவர். காசின் அருமை அறிந்தவர், பிடிவாதக்காரர். மகன் பிறந்து ஐந்தாண்டுகள் கழித்தே, 1844 இல், பிள்ளையின் தாயை முறைப்படி மணந்துகொண்டார். இச்சிறு செய்தியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் அது வேறொரு வடிவத்திலே திரும்ப வரும்.

எய்க்ஸிலிருந்த பூர்போன் கல்லூரியில் பயிலும்போது செசானுக்கு ஒரு நண்பன் கிடைத்தான். மெலிந்த உடல், கிட்டப் பார்வை, வறிய குடும்பம். அவன் பெயர் எமில் ஸோலா. அவனுடைய தந்தை ஒரு பொறியியலாளர். சென்ற் விக்டுவார் மலைச் சாரலிலே பட்டினத்துக்கு நீர் வழங்கும் அணைக்கட்டொன்றை அமைக்கும் பணியில் இருக்கையில், 1847 இல் அவர் காலமானார். குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. ஆகவே, பிற்காலத்தில் ஒருவர் தூரிகையாலும் ஒருவர் பேனாவாலும் உலகப் புகழ் ஈட்டப்போகும் இரு சிறுவர்க்கும் அந்த மலை வெறும் காட்சிப் பொருளன்று. ஒருவனுக்கு அது தந்தையின் நினைவு. மற்றவனுக்கு அது பின்னாளில் என்னவாயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள். பள்ளி விடுமுறையில் இருவரும், பப்திஸ்தான் பாய் என்ற மூன்றாம் நண்பனும் சேர்ந்து மலையடிவாரங்களில் அலைவர். ஆர்க் என்னும் ஆற்றில் நீந்துவர். கவிதைகளை உரக்கப் படிப்பர். அந்நாளில் செசான் இலத்தீன், கிரேக்க மொழிகளில் வல்லவராயும் கவிதை எழுதுவதில் ஆர்வமுள்ளவராயும் இருந்தார்.

1858 இல் ஸோலா பாரிஸ் நகரம் சென்றுவிட்டார். தந்தையின் விருப்பப்படி செசான் சட்டம் படிக்கப் புகுந்தார். படித்தார் என்று சொல்வதைவிடச் சகித்துக்கொண்டிருந்தார் என்பதே பொருந்தும். மாலைகளில் பட்டினத்துச் சித்திரப் பள்ளிக்குப் போவார். 1859 இல் தந்தையார் பட்டினத்துக்கு வெளியே ஜா த பூபான் என்னும் பழைய மாளிகையையும் தோட்டத்தையும் விலைக்கு வாங்கினார். அதன் சுவர்களிலே மகன் பெரும் சித்திரங்களைத் தீட்டினார். ஈற்றில் 1861 இல், தாயும் தங்கை மாரியும் ஆதரவாய் நிற்க, தந்தையின் சம்மதம் கிடைத்தது. செசான் பாரிஸ் சென்றார். சில மாதங்களிலேயே மனமுடைந்து திரும்பி வந்து தந்தையின் வங்கியில் கணக்கெழுத உட்கார்ந்தார். அடுத்த ஆண்டு மறுபடியும் பாரிஸ்.

அந்நாளில் பாரிஸில் ஓர் ஓவியன் தலையெடுக்க வேண்டுமாயின் சலோன் என்னும் அரசாங்கக் கண்காட்சியில் அவன் படம் இடம்பெற வேண்டும். செசான் ஆண்டுதோறும் படம் அனுப்பினார். ஆண்டுதோறும் அது திரும்பி வந்தது. ஒரேயொரு முறை, 1882 இல், நடுவர் குழுவிலிருந்த நண்பர் ஒருவர் தம் மாணவன் என்று சொல்லி ஒரு படத்தை உள்ளே நுழைத்தார். அவ்வளவுதான். நடுவர் குழுவை மட்டும் குறைகூறுவதில் நியாயமில்லை என்பது என் எண்ணம். இளமைக் காலத்துச் செசானின் படங்கள் கரடுமுரடானவை. கருவர்ணத்தைக் கத்தியால் அள்ளி அப்பிய அப்படங்களிலே கொலையும் காமமும் கொந்தளிக்கின்றன. மனத்தில் இருந்த புயலைக் கித்தானில் கொட்டத் தெரிந்ததேயன்றி, அதனை அடக்கி ஆளும் வித்தை அவருக்கு இன்னும் கைவரவில்லை.

அவ்வித்தையைக் கற்பித்தவர் கமில் பிசாரோ. செசானுக்கு ஒன்பது வயது மூத்தவர், மேற்கிந்தியத் தீவொன்றிலே பிறந்தவர், பொறுமையே உருவானவர். 1872 முதலாக, பாரிஸுக்கு வடக்கேயுள்ள பொந்துவாஸ், ஓவேர் ஆகிய ஊர்களிலே இருவரும் அருகருகே நின்று வெட்டவெளியில் படம் தீட்டினர். பிசாரோவின் படமொன்றை இரவல் வாங்கிச் செசான் ஒவ்வொரு தீற்றலாகப் பிரதி பண்ணினார். கருமை போயிற்று. வர்ணம் தெளிந்தது. முரட்டுக் கை தன்னைத் தானே அடக்கப் பழகிக்கொண்டது. ஆசிரியத் தொழிலில் இருக்கும் என்னைப் போன்றோர் செசானின் வாழ்வில் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இதுவென்பேன். பிசாரோ உபதேசம் செய்தவரல்லர். பக்கத்தில் நின்று தம் வேலையைச் செய்தவர்.

1874 இல் மொனே, ரெனுவார், பிசாரோ முதலியோர் கூடித் தனிக் கண்காட்சி நடத்தினர். மனப்பதிவுவாதிகள் என்று கேலியாக இடப்பட்ட பெயர் அவர்கட்கு நிலைத்தது. அதிலும், 1877 இல் நடந்த மூன்றாங் கண்காட்சியிலும் செசானின் படங்கள் இருந்தன. ஏச்சிலே பெரும்பங்கு அவருக்கே கிடைத்தது. அதன் பின்னர் அவர் அக்குழுவினருடன் சேர்ந்து படம் வைக்கவில்லை. புரோவான்ஸுக்கு மீண்டும் மீண்டும் திரும்பினார். காலப்போக்கில் அங்கேயே ஒதுங்கினார்.

ஒதுங்கியமைக்கு ஏச்சு மட்டும் காரணமன்று. மனப்பதிவுவாதிகள் கணத்தின் ஓவியர்கள். நீரில் ஒளி நடுங்கும் ஒரு நொடியைப் பிடித்துவிட்டால் அவர்கள் பணி நிறைவெய்தும். செசானோ அவர்களிடம் கற்ற ஒளியையும் வர்ணத்தையும் கைவிடாமலே, பழைய பேரோவியர்களின் படங்களிலுள்ள திண்மையையும் நிலைபேற்றையும் விரும்பினார். மாறுகின்ற ஒளியிலே மாறாத பொருளை எவ்வாறு காட்டுவது? இக்கேள்விக்கு ஏற்ற பொருளாக அவருக்கு வாய்த்தது அந்த மலை. கல்லாகையால் அசையாதது, சுண்ணாம்புக் கல்லாகையால் நாழிகைக்கொரு நிறம் கொள்வது.

1870 அளவில் தீட்டிய ஒரு படத்திலேயே மலை எட்டிப் பார்க்கின்றது. புகையிரதப் பாதைக்காக வெட்டப்பட்ட செம்மண் மேடு முன்னே. மலை ஒரு பக்கத்தில். ஆனால் மலையே தலைமகனாக வீற்றிருக்கும் பெரும் படங்கள் 1880 களில் தோன்றின. எண்ணெய் வர்ணத்தில் மாத்திரம் முப்பதுக்கு மேல். நீர்வர்ணப் படங்கள் வேறு. அவற்றுள் ஒன்றைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன். 1887 அளவில் தீட்டப்பெற்ற அப்படம் இன்று இலண்டனிலுள்ள கோட்டோல்ட் கலைக்கூடத்தில் இருக்கின்றது. அச்சுப்பிரதிகளின் வாயிலாகவே பல்லாண்டு அறிந்திருந்த நான் அதனை நேரிற் கண்டபோது, முதலில் வியப்பளித்தது அதன் சிறுமை. அகலம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அவ்வளவு இடத்தினுள்ளே ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது.

இடப்புறத்திலே ஒரு பைன் மரத்தின் தண்டு. அதன் கிளைகள் படத்தின் மேற்பகுதி முழுவதும் வளைந்து செல்கின்றன. கீழே மஞ்சளும் பச்சையுமான வயல்கள், சில வீடுகள், வலப்புறத்திலே புகையிரதப் பாலம். தூரத்தே மலை. இவ்வளவும் எந்த நிலக்காட்சிப் படத்திலும் காணக்கூடியனவே. ஆயின் கிளைகளைக் கூர்ந்து நோக்குங்கள். அவை மலையின் விளிம்புக் கோட்டை அப்படியே பின்பற்றி ஏறி இறங்குகின்றன. கையெட்டும் தூரத்திலுள்ள கிளையும் பல கல் தொலைவிலுள்ள மலையும் ஒரே இசையின் இரு குரல்களாக ஒலிக்கின்றன. மலையிலே கண்ட இளஞ்சிவப்பும் நீலமும் கிளையின் பச்சையிடையேயும் தெறித்துக் கிடக்கின்றன. சேய்மையிலுள்ளது மங்கலாகவும் அண்மையிலுள்ளது தெளிவாகவும் இருக்க வேண்டும் என்ற பழைய விதியை இப்படம் தளர்த்திவிட்டது. தூரம் இருக்கின்றது, ஆயினும் எல்லாம் கித்தானின் மேற்பரப்புக்கு வந்து நிற்கின்றன. அவர் நின்ற இடங்களிலிருந்து பின்னர் எடுக்கப்பட்ட புகைப்படங்களோடு ஒப்பிட்டவர்கள், செசானின் மலை கண்ணுக்குத் தெரியும் மலையினும் பெரியது என்று கண்டனர். கண் ஒரு பொருளிலே ஊன்றி நிற்கும்போது அது மனத்திலே பெரிதாவதை அவர் தீட்டினார் என்று கொள்வதே பொருத்தம்.

இப்படம் 1895 இல் எய்க்ஸ் பட்டினத்துக் கலையன்பர் சங்கத்தின் கண்காட்சியிலே வைக்கப்பட்டது. ஊரார்க்கு ஒன்றும் விளங்கவில்லை. பாராட்டியவன் ஒருவன்: செசானின் பள்ளித் தோழர் ஒருவரின் மகனும் இளங்கவிஞனுமாகிய ஜோக்கிம் கஸ்கே. ஓவியர் படத்தில் கையெழுத்திட்டு அதனை அவனுக்கே கொடுத்துவிட்டார். செசான் தம் படங்களிற் கையெழுத்திடுவது அருமை என்பதை அறிந்தவர்க்கு இக்கொடையின் அளவு புரியும்.

இனி, அவருடைய இல்வாழ்க்கை. 1869 அளவில் பாரிஸிலே ஓர்தான்ஸ் பிக்கே என்ற பெண்ணோடு கூடி வாழத் தொடங்கினார். 1872 இல் ஒரு மகன் பிறந்தான். தந்தை அனுப்பும் மாதப் படி நின்றுவிடுமே என்ற அச்சத்தால் மனைவியையும் மகனையும் பல ஆண்டுகள் தந்தையாருக்கு மறைத்து வைத்தார். 1878 இல் மகனுக்கு வந்த கடிதமொன்றைப் பிரித்த கிழவர் உண்மையை ஊகித்துப் பணத்தைக் குறைத்தார். அப்பொழுது ஓர்தான்ஸுக்கு மாதந்தோறும் காசு அனுப்பிக் காத்தவர் ஸோலா. தாமே மணமாகுமுன் பிள்ளை பெற்ற தந்தை. அவருக்கு அஞ்சித் தன் பிள்ளையை ஒளித்த மகன். நாற்பது வயதாகியும் அந்த அச்சம் தீரவில்லை. மலையின் முன் சிங்கம்போல் நின்ற மனிதர் தந்தையின் முன் சிறுவனாகவே இருந்தார். 1886 ஏப்பிரிலில் ஓர்தான்ஸை முறைப்படி மணந்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் தந்தை காலமானார். பெருஞ் செல்வம் வந்து சேர்ந்தது. ஆனால் மனைவியின் மீதிருந்த அன்பு அதற்குள் வரண்டுவிட்டது. அப்பெண்மணியின் முகத்தை இருபதுக்கு மேற்பட்ட எண்ணெய் வர்ணப் படங்களில் தீட்டிய அவர், பிற்காலத்தில் பெரும்பாலும் தனித்தே வாழ்ந்தார்.

அதே 1886 இல் ஸோலாவின் நாவல் ஒன்று வெளிவந்தது. தன் கனவை நிறைவேற்ற இயலாது, முற்றுப்பெறாத தன் படத்தின் முன்னே தூக்கிட்டுக்கொள்ளும் ஓர் ஓவியனே அதன் கதாநாயகன். இளமை நினைவுகள் பல அதில் இருந்தன. செசான் ஒரு சிறு நன்றிக் கடிதம் எழுதினார் என்றும், அத்தோடு முப்பதாண்டு நட்பு முறிந்தது என்றும் நெடுங்காலம் எழுதி வந்தனர். அழகான கதைதான். ஆனால் 1887 ஆம் ஆண்டு செசான் ஸோலாவுக்கு எழுதிய வேறொரு கடிதம் அண்மைக் காலத்தில் வெளிப்பட்டது. அடுத்த நாவல் கிடைத்தமைக்கு நன்றி கூறும் கடிதம் அது. எனவே கத்தியால் வெட்டினாற்போல நட்பு அறுந்தது என்பது இனிச் செல்லாது. புகழும் செல்வமும் சேர்ந்த ஒருவரும், தோல்வியை வீட்டுக்குள் வைத்துக்கொண்ட ஒருவரும் சிறிது சிறிதாக விலகினர் என்பதே நடந்திருக்கக் கூடியது. 1902 செப்ரெம்பரில் ஸோலா இறந்த செய்தி வந்தபோது செசான் அறையைத் தாழிட்டுக்கொண்டு அழுதார் என்பர். நாவலில் வரும் ஓவியனுக்கும் செசானுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே: செசான் மறுநாளும் வேலைக்குப் போனார்.

1895 நவம்பரில் பாரிஸில் அம்புறுவாஸ் வொல்லார் என்ற இளம் வியாபாரி செசானின் படங்களைத் திரட்டி முதன் முறையாகத் தனிக் கண்காட்சி வைத்தார். பொதுமக்களில் பலர் சிரித்தனர். ஆனால் ஓவியர்கள் திரண்டு வந்தனர். பேரிக்காய்களைத் தீட்டிய ஒரு சிறு நீர்வர்ணப் படத்துக்காகத் தெகாவும் ரெனுவாரும் சீட்டுப் போட்டுப் பார்க்க நேர்ந்தது; வென்றவர் தெகா. அதற்கு முந்திய கால் நூற்றாண்டாகச் செசானை விசாரித்துத் தள்ளிய நடுவர்களின் பெயர்களை இன்று யார் அறிவர்!

1897 இல் தாய் இறந்தார். 1899 இல் ஜா த பூபான் விற்கப்பட்டது. பட்டினத்து வீடொன்றில் ஒரு பணிப்பெண்ணின் உதவியோடு கிழவர் தனியே வாழ்ந்தார். நீரிழிவு நோய் வருத்தியது. 1901 இல் எய்க்ஸுக்கு வடக்கே லோவ் என்னும் குன்றிலே ஒரு நிலம் வாங்கி, அடுத்த ஆண்டு அங்கே ஒரு வேலைக்கூடம் கட்டி முடித்தார். அங்கிருந்து சிறிது தூரம் மேலேறினால், சமவெளி முழுவதும் விரிந்து, அதன் முடிவிலே மலை தன்னந்தனியாக நிற்கக் காணலாம்.

வாழ்வின் இறுதி நான்காண்டுகளில் இவ்விடத்திலிருந்து தீட்டிய படங்களே மலைப் படங்களுள் தலைசிறந்தவை. பிலடெல்பியா, பாசல், மொஸ்கோ முதலிய நகரங்களின் கலைக்கூடங்களில் அவை இன்று இருக்கின்றன. பைன் மரம் போய்விட்டது. பாலமும் இல்லை. வீடு எது, மரம் எது, வயல் எது என்று பிரித்தறிய இயலாதவாறு வர்ணத் தீற்றல்கள் கட்டைக் கட்டையாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு தீற்றலும் ஒரு செங்கல் போன்றது. வெளிச்சத்தையும் நிழலையும் வெள்ளை கறுப்பாற் காட்டாமல், செம்மை முன்னே வர நீலம் பின்னே செல்லும் என்னும் கண்ணின் இயல்பைக் கொண்டே திண்மையும் தூரமும் காட்டப்படுகின்றன. சமவெளியின் பச்சை வானத்திலேயும் ஏறியிருக்கின்றது. வானத்தில் ஏது பச்சை என்று வினவுவோர் உளர். அந்தப் பச்சையை விரலால் மறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள்; வானம் வேறாகவும் நிலம் வேறாகவும் கழன்று விழும். சில இடங்களில் கித்தான் வெறுமையாகவே விடப்பட்டிருக்கின்றது. அது சோம்பலன்று. சரியான நிறம் தோன்றும்வரை அவ்விடத்தைத் தொட அவர் துணியவில்லை. வொல்லாரின் உருவப்படத்துக்காக அவரை நூற்றுப் பதினைந்து தடவை உட்கார வைத்த பின்னும், கையிலே இரு சிறு புள்ளிகளை வர்ணமின்றி விட்டார் என்று வொல்லாரே எழுதியிருக்கின்றார்.

பாடநூல்களிலே வழக்கமாகக் காணும் ஒரு செய்தியை இங்கே குறிப்பிடாமல் விடமுடியாது. இயற்கையை உருளை, கோளம், கூம்பு ஆகியவற்றின் வழியாக நோக்கும்படி 1904 இல் இளம் ஓவியர் எமில் பேர்னாருக்குச் செசான் எழுதினார். இதனைப் பிடித்துக்கொண்டு, செசான் இயற்கையைக் கேத்திரகணிதமாக்கினார் என்று மாணவர்க்குச் சொல்லிக் கொடுக்கின்றோம். படங்களைப் பார்த்தவர் அவ்வாறு சொல்லார். அவருடைய மலையின் விளிம்பு ஒரே கோடன்று; பல கோடுகள் தயங்கித் தயங்கி ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தவை. கூம்பு என்று முன்னரே அறிந்தவன் அவ்வாறு தயங்க வேண்டியதில்லை. 1906 செப்ரெம்பரில் மகனுக்கு எழுதிய கடிதமொன்றில், ஆற்றங்கரையில் இருந்த இடத்தைவிட்டு அசையாமல் தலையைச் சற்று வலத்துக்கோ இடத்துக்கோ சாய்த்தாலே புதிய புதிய காட்சிகள் கிடைக்கின்றன என்றும், மாதக் கணக்கில் அங்கேயே வேலை செய்யலாம் என்றும் கூறியிருக்கின்றார். பேர்னாருக்கு எழுதிய கடிதம் பாடநூல்களில் ஏறியது. எனக்கு இக்கடிதமே பெரிதாகப் படுகின்றது.

அதே ஆண்டு ஒக்டோபர் 15 ஆந் தேதி வெளியிலே தீட்டிக்கொண்டிருக்கையில் இடிமழை பிடித்துக்கொண்டது. மணிக்கணக்காக நனைந்து மயங்கி விழுந்த அவரைச் சலவைக்காரரின் வண்டியொன்றில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தனர். மறுநாட் காலை எழுந்து வேலைக்கூடத்துத் தோட்டத்துக்குப் போய், தோட்டக்காரர் வல்லியேயின் படத்தைத் தீட்டினார். மீண்டும் தளர்ந்து வீழ்ந்தார். ஒரு வாரத்தில் உயிர் பிரிந்தது. மனைவியும் மகனும் பாரிஸிலிருந்து வந்து சேரக் காலம் பிந்திவிட்டது. வயது அறுபத்தேழு.

1907 இல் பாரிஸில் நடந்த நினைவுக் கண்காட்சியிலே ஐம்பத்தாறு படங்கள் வைக்கப்பட்டன. பார்த்தவர்களுள் பிக்காசோவும் பிராக்கும் இருந்தனர். கனவடிவவாதம் அடுத்தடுத்த ஆண்டுகளில் உருவாயிற்று. 1910 இல் இலண்டனில் ரொஜர் பிரை நடத்திய கண்காட்சி செசான், வான்கோ, கோகன் மூவரையும் பின்மனப்பதிவுவாதிகள் என்ற பெயரால் இணைத்தது. அவ்வலை நமது தீவுக்கும் வந்தது. 1943 இல் கொழும்பில் தோன்றிய 43 குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் கீற்றின் படங்களிலே பிக்காசோவின் வழியாக வந்த கனவடிவக் கோடுகளை எவரும் காணலாம். பிக்காசோ 1958 இல் சென்ற் விக்டுவார் மலையின் வடக்கு அடிவாரத்திலுள்ள வோவ்நார்க் மாளிகையை வாங்கினார். 1973 இல் அங்கேயே அடக்கஞ் செய்யப்பட்டார்.

எய்க்ஸ் பட்டினத்து அரும்பொருட்சாலையின் தலைவராயிருந்தவர், தாம் இருக்கும்வரை செசானின் படமெதுவும் அதனுள் நுழையாது என்று உறுதி பூண்டு, அதனைக் காப்பாற்றியும் விட்டார். அவர் போன பின்பும் பட்டினம் விரைவாக விழித்துக்கொள்ளவில்லை. 1984 இல் பிரெஞ்சு அரசு செசானின் எண்ணெய் வர்ணப் படங்கள் எட்டினை அங்கே வைக்கக் கொடுத்தது. 1989 ஓகஸ்டில் பெருந்தீ ஒன்று மலையின் தென்சாரலிலே ஆயிரக்கணக்கான ஏக்கர்க் காட்டை எரித்தது. லோவ் குன்றிலே அவர் நின்று தீட்டிய இடத்தைச் சுற்றி இப்பொழுது வீடுகள் எழுந்துவிட்டன. எனினும் மலையை மறைக்காத ஒரு சிறு திடலை அங்கே ஒதுக்கி வைத்திருக்கின்றனர்.